வேலையின் நெகிழ்ச்சியும் வாழ்வின் உறுதியும்

(கூடங்குளத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இலக்கியமும் சமயமும் பேசப்பெற்று வந்த இம்மேடையில், இவ்வாண்டு, உழைத்து உண்ணும் சாதாரண ஜனங்களின் ஜீவனத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று அறங்காவலர்கள் விரும்பியதும், அப்பேச்சு நெல்லை நகரத்து மண்டபம் ஒன்றில் நிகழாமல் கூடங்குளத்திலேயே நிகழ வேண்டும் என்று தீர்மானித்ததும் மிகப் பொருத்தமான காரியங்கள் என்று கருதுகிறேன். தெற்கே கடலும், கடலோரத்தில் அணுமின் உலைகளின் குவிமாடங்களும், வடக்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் காற்றாலைகளும், அவற்றுக்கு அப்பால் ராக்கெட் எந்திரங்கள் சோதிக்கப்படும் மகேந்திரகிரியும், இவையெல்லாவற்றிற்கும் இடையே பனையும் உடைமரமும் நிற்கும் வறண்ட நிலமும் கொண்ட இந்த இராதாபுரம் வட்டாரத்தைப் போல, இந்நாட்டின் பெருந்தொழில்களையும் அவற்றின் வாசலில் வேலைக்குக் காத்து நிற்கும் மனிதரையும் ஒருங்கே காட்டும் பகுதி தமிழ்நாட்டில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வேலைவாய்ப்பு அருகிவரும் இக்காலத்தில், கற்றோர் அவைகளில் அடிக்கடி எழும் உபதேசம் ஒன்று உண்டு. ஒரே இடத்தில், ஒரே தொழிலில், ஒரே எஜமானரிடம் ஓய்வு பெறும் வரை இருந்த காலம் மலையேறிவிட்டது. இனி வருகிறவர்கள் ஊரையும் நேரத்தையும் தொழிலையும் சந்தை கேட்கிறபடி மாற்றிக்கொள்ளச் சித்தமாக இருக்க வேண்டும். நெகிழ்ந்து கொடுக்கத் தெரியாதவன் பின்தங்கிப் போவான் என்பது அவ்வுபதேசத்தின் சாரம். இதைச் சொல்பவர்கள் கெட்ட எண்ணத்துடன் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆயினும், இவ்வட்டாரத்து ஜனங்கள் இதைப் பற்றி என்ன அபிப்பிராயம் கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டறிந்தவர் சிலரே. அந்த அபிப்பிராயத்தை, எனக்கு விளங்கிய அளவில், அவர்கள் சார்பாகவே எடுத்துரைப்பது இன்றைய என் கடமை.

முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2025-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நான்காம் தொகுதித் தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 13.9 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு முந்நூற்றைம்பது பேருக்கு மேல் போட்டியிட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் ஆகிய இந்த உத்தியோகங்களின் சம்பளம் பெருஞ்செல்வம் தருவதன்று. எனினும் பொறியியல் படித்தவனும் முதுகலை முடித்தவளும் ஆண்டுக்கணக்கில் வேறெதையும் நாடாமல் இத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். இதைச் சோம்பல் என்றும், சர்க்கார் நாற்காலி மோகம் என்றும் இகழ்வாரை நான் கேட்டிருக்கிறேன். அவ்விகழ்ச்சி நியாயமானதன்று. அடுத்த மாதமும் சம்பளம் வரும், நோயுற்றால் விடுப்பு உண்டு, முதுமையில் கையேந்த வேண்டாம் என்னும் மூன்று நிச்சயங்களை வேறெங்கும் காணாத ஒரு தலைமுறை, அவை இருப்பதாகத் தெரிந்த ஒரே வாசலில் போய் நெருக்கியடித்து நிற்கிறது.

இவ்வட்டாரத்து மக்கள் நெகிழ்ந்து கொடுக்கத் தெரியாதவர்களா? மழை பொய்த்தால் விளைச்சல் இல்லை என்று தெரிந்தே வானம் பார்த்த பூமியில் பருத்தியும் கம்பும் விதைத்தவர்கள் இவர்கள். பனையில் பதனீர் இறங்கும் மாதங்களில் நாள்தோறும் பலமுறை ஏறி இறங்கி, கருப்பட்டி காய்ச்சி விற்று, பருவம் முடிந்தபின் கூலி வேலைக்கோ வெளியூருக்கோ புறப்பட்டவர்கள் இவர்கள். கடலில் பாடு இருக்கிற நாளில் பங்கு, இல்லாத நாளில் வெறுங்கை என்னும் முறையைப் பரம்பரை பரம்பரையாக ஏற்றுக்கொண்டு, இடிந்தகரையிலும் கூத்தங்குழியிலும் பெருமணலிலும் வள்ளம் செலுத்தி வருகிறவர்கள் இவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்த ஜில்லாவிலிருந்து இலங்கையின் மலைத்தோட்டங்களுக்குப் போனார்கள். பின்னர் பம்பாயின் தாராவியில் குடியேறினார்கள். சென்னையின் ஒவ்வொரு தெருமுனையிலும் மளிகைக் கடை வைத்து, கடைக்குள்ளேயே உறங்கி எழுந்து, அண்ணாச்சி என்னும் பெயரை ஈட்டினார்கள். அரபு நாடுகளின் வெயிலில் சாரம் கட்டினார்கள். ஊரையும் தொழிலையும் மொழியையும் மாற்றிக்கொள்வதில் இவர்களுக்குப் பாடம் சொல்லும் தகுதி எந்தப் பொருளாதார நிபுணருக்கும் இல்லை.

ஆனால் அந்த நீண்ட அநுபவம் அவர்களுக்கு இன்னொன்றையும் கற்பித்திருக்கிறது. வளைந்து கொடுப்பதற்கு ஒரு செலவு உண்டு. அச்செலவு எப்போதும் உழைப்பவன் தலையிலேயே விழுகிறது. இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. தொழிலாளி தோட்டம் மாற விரும்பினால், கங்காணிக்கு அவன் பட்ட கடனைத் தீர்ப்பதாகச் சொல்லும் அந்தச் சீட்டு இல்லாமல் மாற முடியாது. மாறினாலும் கடனும் கூடவே மாறியது. 1921-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழிக்கும் வரை, இடம் பெயரும் சுதந்திரம் தோட்டத் துரைக்கும் கங்காணிக்குமே அனுகூலமாக இருந்தது. பெயர்ந்தவனுக்கு அது கடனின் வேறொரு முகவரியாயிற்று. இன்று நெகிழ்ச்சி என்னும் பேச்சைக் கேட்கும்போது முதியவர்கள் சற்றே சந்தேகத்தோடு தலையை அசைக்கிறார்கள் என்றால், அந்தச் சந்தேகத்துக்குப் பின்னே இத்தகைய நினைவுகள் உண்டு.

வீட்டிலிருந்தே வேலை செய்யும் சௌகரியம் அண்மையில் நகரங்களில் பெரும் புதுமையாகப் போற்றப்படுகிறது. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் ஆலங்குளத்திலும் பாவூர்ச்சத்திரத்திலும் நம் பெண்கள் பல தலைமுறைகளாக வீட்டுத் திண்ணையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து சுற்றலாம். உலை கொதிக்கும்போது எழுந்து போகலாம். மாமியாரும் மருமகளும் பள்ளி விட்டு வந்த பெண்ணும் சேர்ந்து சுற்றலாம். இதனினும் நெகிழ்வான வேலை உலகத்தில் எங்கே உண்டு? ஆனால் கடையில் நிறுத்துக் கொடுக்கும் இலை மட்டமாக இருந்து சேதமானால் நஷ்டம் சுற்றுபவளுக்கு. கழிவு என்று ஒதுக்கப்படும் பீடிக்குக் கூலி இல்லை. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதால் விடுமுறை நாள் என்பதே இல்லை. தூளின் நெடி வீடு முழுவதும். 1966-இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்து, வீட்டில் சுற்றுகிறவளும் தொழிலாளியே என்று ஏற்றுக்கொண்ட பிறகே வருங்கால வைப்பு நிதியும் பாஸ் புத்தகமும் அவளுக்கு நினைக்கக்கூடிய பொருள்களாயின. 1976-இல் ஏற்பட்ட நலநிதி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகையும் மருத்துவ வசதியும் தந்தது. அந்நிதிக்கு ஊற்றாயிருந்த தீர்வை 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது நீக்கப்பட்டது. இந்தத் தாய்மார்கள் பலரைக் கேட்டுப் பார்த்தேன். பீடியை விட்டுவிட விரும்புகிறீர்களா என்றால், விரும்புகிறோம் என்கிறார்கள். மகள் சுற்ற வேண்டுமா என்றால், வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். ஆனால் பாஸ் புத்தகத்தை விட்டுவிடச் சம்மதமா என்று கேட்டால் ஒருவர்கூடச் சம்மதிப்பதில்லை.

இனி இவ்வூரின் கதைக்கு வருகிறேன். 1988 நவம்பர் 20-ஆம் நாள் இராஜீவ் காந்தியும் கொர்பச்சேவும் இங்குள்ள அணுமின் நிலையத்துக்காக ஒப்பமிட்ட உடன்படிக்கையில் தொடங்கி, சோவியத் யூனியன் சிதைந்ததால் தடைப்பட்டு, 1998-இல் மீண்டும் உயிர் பெற்று, 2002 மார்ச் 31-இல் முதல் உலைக்கு அடித்தளக் கான்கிரீட் இட்ட நாள் வரை, நிலம் கொடுத்தவர்கள் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். முதல் உலை 2013 ஜூலையில் இயங்கத் தொடங்கியது, இரண்டாவது 2016-இல். மூன்றாம் நான்காம் உலைகளின் கட்டுமானம் 2017-இலும், ஐந்தாம் ஆறாம் உலைகளின் கட்டுமானம் 2021-இலும் ஆரம்பமாயின. ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட் திறன் உடையது. இந்தத் தேதிகளை நான் வரிசைப்படுத்திச் சொல்வதற்குக் காரணம், இவ்வட்டாரத்து வேலைவாய்ப்பின் ஏற்ற இறக்கம் முழுவதும் இவற்றுக்குள் அடங்கியிருப்பதேயாகும். உலை ஒன்றைக் கட்டுவதற்கு ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். கம்பி கட்டுபவர், சாரம் கட்டுபவர், ஷட்டரிங் ஆட்கள், ஃபிட்டர், வெல்டர், ரிக்கர், லாரி ஓட்டுநர், சமையற்காரர் வரை. கட்டி முடிந்து அது இயங்கத் தொடங்கிவிட்டால், நிரந்தரமாக வேண்டியவர் அதில் ஒரு சிறு பங்கினரே. அவர்களும் அகில இந்தியத் தேர்வுகளில் தேறிப் பயிற்சி பெற்று வருகிறவர்கள். எரிபொருள் மாற்றுவதற்காக உலையை நிறுத்தும் சில வாரங்களில் மீண்டும் ஒரு கூட்டம் உள்ளே போகும். வாரங்கள் கழிந்ததும் வெளியே வரும்.

ஒப்பந்தத் தொழிலாளியின் ஜீவிதத்தை நிர்ணயிப்பது ‘கேட் பாஸ்’ என்னும் ஒரு சிறு அட்டை. பெரிய கம்பெனி ஒன்று ஒப்பந்தம் எடுக்கிறது. அது துணை ஒப்பந்ததாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அவர்கள் மேஸ்திரி மூலம் ஆள் சேர்க்கிறார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்து வேறொரு ஒப்பந்ததாரர் வரும்போது, வேலையும் அதே வேலை, மேற்பார்வையாளரும் அதே மனிதர், தொழிலாளியும் அதே தொழிலாளி; ஆனால் பாஸ் புதியது. பாஸ் புதியதாகும்போது அவனுடைய பணிக்காலமும் புதிதாகத் தொடங்குகிறது. 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் ஐந்து ஆண்டு இடைவிடாத சேவையைக் கேட்டது. பத்து ஆண்டு ஒரே வளாகத்தில் வியர்வை சிந்தியவன், காகிதத்தில் இரண்டு ஆண்டுக்காரனாகவே எப்போதும் இருந்தான். இப்படிப்பட்ட ஒருவர் என்னிடம் சொன்னதை அவர் பேச்சிலேயே தருகிறேன்: “வேல கெடைக்கத்தான் செய்யுது, நெலைக்க மாட்டேங்கு.” இந்த உரைக்காக நான் கேட்டறிந்த அபிப்பிராயங்களிலெல்லாம் இதைவிடத் தெளிவானது வேறில்லை.

1970-இல் இயற்றப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஓயாது நடக்கும் நிரந்தரத் தன்மையுள்ள பணிகளில் ஒப்பந்த முறையைத் தடை செய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் மூல முதலாளியே தர வேண்டும் என்றும் விதித்தது. சட்டத்தின் நோக்கம் உயர்ந்தது. ஆயினும் கேட்டுக்கு வெளியே நிற்பவனுக்கு மூல முதலாளியின் கதவு எது என்றே தெரிவதில்லை. உமாதேவி வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், முறையான தேர்வின்றிச் சேர்ந்த தற்காலிகப் பணியாளர் நிரந்தரம் கோர உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2024 டிசம்பரில், ஜக்கோ என்னும் பெண்மணியும் பிறரும் தொடுத்த வழக்கில், ஆண்டுக்கணக்காகத் தொடரும் அவசியமான வேலையைத் தற்காலிகம் என்று பெயரிட்டு நடத்தி, அந்தப் பழைய தீர்ப்பைக் கேடயமாகப் பிடிப்பது தகாது என்று கூறியது. இவ்விரண்டுக்கும் இடையிலான பதினெட்டு ஆண்டுகளில் எத்தனை குடும்பங்கள் பாஸ் புதுப்பித்தலை எதிர்நோக்கிக் கழித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கே இன்னோர் அபிப்பிராயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் நம் பிள்ளைகளின் வேலையைப் பறித்துக்கொண்டார்கள் என்று இவ்வட்டாரத்தில் பலர் குமுறுகிறார்கள். நிலம் கொடுத்த குடும்பத்தின் பிள்ளை வேலிக்கு வெளியே நிற்க, ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்தவன் உள்ளே போவதைப் பார்ப்பவனுக்கு வயிறு எரிவது இயற்கை. ஆனால் தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்து, ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கும் அந்த இளைஞன், தாராவிக்குப் போன நம் பாட்டனாரின் நிலையில்தான் இருக்கிறான். அவனை ஒப்பந்ததாரர் விரும்புவதற்குக் காரணம், அவனுக்கு இங்கே வீடும் உறவும் சங்கமும் இல்லாமையால் எந்த நேரத்துக்கும் எந்தக் கூலிக்கும் இணங்குவான் என்பதே. அவனுக்கும் நியாயமான கூலி கிடைத்தால், அவனைக் கொண்டு நம்மவனை விலக்கும் லாபம் போய்விடும். நிலம் கொடுத்தோர் குடும்பத்துக்கு முன்னுரிமை வேண்டும் என்னும் கோரிக்கையை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். வந்தவனை விரட்ட வேண்டும் என்னும் கோரிக்கையை ஆதரிக்க என்னால் இயலாது.

கடற்கரை மக்களின் அபிப்பிராயம் வேறு. 2011-லிருந்து இடிந்தகரையில் லூர்து மாதா ஆலய முற்றத்தில் அவர்கள் அணு உலையை எதிர்த்து அமர்ந்து நடத்திய போராட்டத்தை நாடே அறியும். அன்று அவர்களுக்குச் சொல்லப்பட்ட மறுமொழிகளில் பெரியது, வேலை வரும் என்பது. 2012 மார்ச்சில் மாநில அரசு 500 கோடி ரூபாய்க்கு அறிவித்த திட்டத்தில் வீடுகளும் சாலைகளும் மீன்பிடித் தொழிலுக்கான வசதிகளும் இடம்பெற்றன. 2013 மே 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பதினைந்து கட்டளைகளோடு உலையை அனுமதித்தது. கடலைப் பற்றிய அச்சத்தோடு கேட்டவர்களுக்கு உத்தியோகத்தைப் பதிலாகச் சொன்னது சரியான பதிலாகாது என்பது என் துணிபு. வேலை, வேலை தேடுகிறவனுக்குரிய விடை. கடல் என்னும் வேலையை ஏற்கனவே உடையவன் கேட்டது, அது தன் பிள்ளை காலத்திலும் இருக்குமா என்பது.

தாமிரபரணியின் தலைமாட்டில் நிகழ்ந்ததையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டும். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற காட்டில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்னும் தேயிலைக் குடியிருப்புகள் எழுந்தன. நான்கைந்து தலைமுறைகள் அங்கேயே பிறந்து அங்கேயே கொழுந்து கிள்ளின. கூலி உயர்வு கேட்டு அவர்களுக்காக 1999 ஜூலை 23-இல் திருநெல்வேலியில் நடந்த பேரணியில் போலீஸ் தடியடியின்போது ஆற்றில் விழுந்தும் அடிபட்டும் பதினேழு பேர் மாண்டனர். அவர்களில் ஒன்று கைக்குழந்தை. குத்தகை 2028 வரை இருக்கையிலேயே, 2024-இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது; வேலை போனபோது வீடும் போயிற்று. ஒரே இடத்தில் ஒரே கம்பெனியில் தலைமுறைகள் உழைத்தும் அடி நிலம் தனக்கில்லாதவனுக்கு நிரந்தரம் என்பதும் இவ்வளவுதான். ஆகவே ஜனங்கள் பழைய காலத்து அடிமை நிரந்தரத்தைக் கேட்கிறார்கள் என்று எவரும் எண்ண வேண்டாம். வேலை மாறினாலும் மாறாதிருக்க வேண்டிய சிலவற்றை, அதாவது குடியிருப்பை, சேர்த்த பணிக்காலத்தை, வைத்தியத்தை, முதுமைக்கான சேமிப்பை, அவர்கள் கேட்கிறார்கள்.

இக்கோரிக்கை இந்த ஜில்லாவுக்குப் புதிதன்று. 1908 பிப்ரவரி 27-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தபோது, வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டது வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் வேலை நேரத்துக்கு ஓர் எல்லையும். சில நாட்களிலேயே நிர்வாகம் இணங்கியது. பொழுது முழுவதும் எஜமானனுடையதன்று, அதில் ஒரு பகுதி எனக்குரியது என்பதே அன்று நாட்டப்பட்ட நியாயம்.

அந்த நியாயம் நம் காலத்திலும் ஒருமுறை சோதிக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 21-இல் தமிழ்நாடு சட்டப்பேரவை, தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடமளிக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. வாரத்துக்கு 48 மணி என்னும் வரம்பு மாறாது, நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வு கொள்ளலாம், விரும்புகிறவர்க்கே இது என்று விளக்கம் சொல்லப்பட்டது. தொழிற்சங்கங்கள் கட்சி பேதமின்றி எதிர்த்தன. மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அந்த எதிர்ப்பைப் பிற்போக்கு என்று எழுதியவர்கள் ஒன்றை மறந்தார்கள். பாஸ் நாளைக்குப் புதுப்பிக்கப்படுமா என்று அறியாதவனிடம், பன்னிரண்டு மணி நேரம் நிற்க உனக்கு விருப்பமா என்று கேட்டால், அவன் சொல்லும் ‘ஆம்’ விருப்பமாகுமா?

இருபத்தொன்பது பழைய சட்டங்களைத் திரட்டிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. குறித்த காலத்துக்கு நேரடியாக அமர்த்தப்படும் பணியாளர்க்கு ஓராண்டுச் சேவைக்கே பணிக்கொடை உண்டு என்பது அவற்றில் நான் மனமுவந்து வரவேற்கும் அம்சம். ஆட்குறைப்புக்கு ஆளானவனின் மறுபயிற்சிக்காக முதலாளி பதினைந்து நாள் கூலியைச் செலுத்த வேண்டும் என்பதும் நல்லதே. ஆனால் முன்பு இருபது ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே செல்லுபடியான பாதுகாப்பு இனி ஐம்பது பேராவது இருந்தால்தான் பொருந்தும்; ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் எல்லை நூறிலிருந்து முந்நூறாயிற்று. ஒப்பந்தம் முடிந்ததால் வெளியேறுகிறவன் ஆட்குறைப்புக்கு ஆளானவனாகவே கணக்கில் வருவதில்லை. டென்மார்க் தேசத்தில் முதலாளி ஆளை எளிதில் நீக்கலாம் என்று உதாரணம் காட்டுகிறவர்கள், நீக்கப்பட்டவனுக்கு அங்கே கிடைக்கும் தாராளமான உதவித் தொகையையும் மறுபயிற்சியையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. நம் நாட்டில் ஈ.எஸ்.ஐ. காப்புடையவர்க்கு 2018 முதல் நடக்கும் அடல் பெயரிலான திட்டம், வேலையிழந்தவனுக்குச் சராசரிக் கூலியில் பாதியைத் தொண்ணூறு நாள் வரை தருகிறது. அதுவும் வாழ்நாளில் ஒரு தடவை. அப்படி ஒன்று இருப்பதை இவ்வட்டாரத்தில் அறிந்தவர் எத்தனை பேர்?

புதிய வாசல்கள் திறக்காமலும் இல்லை. கங்கைகொண்டானில் டாடா நிறுவனத்தின் சூரிய மின்கல ஆலை பெருமளவில் பெண்களையே வேலைக்கு வைத்து நடக்கிறது. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வியட்நாமிய மின்கார் ஆலை திறந்தது. குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் எழுகிறது. பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு ஆலைப் பேருந்தில் ஏறும் பெண்ணைப் பார்க்கையில் எனக்கு உண்டாகும் மகிழ்ச்சி கொஞ்சமன்று. நாங்குநேரிச் சிறப்புப் பொருளாதார மண்டலமோ, அறிவிக்கப்பட்டு நெடுங்காலமாகியும் பெரும்பாலும் வெற்று நிலமாகக் கிடக்கிறது. அறிவிப்பு வேறு, வேலை வேறு என்பதை இளைஞர்கள் அவ்வழியே நாற்கரச் சாலையில் போகும்போதெல்லாம் பார்க்கிறார்கள்.

ஆகையால் அதிகாரத்தில் உள்ளோரிடமும், அணுமின் நிலைய நிர்வாகத்திடமும் இவ்வவையின் சார்பாக என் விண்ணப்பம் இது. ஆறாம் உலையின் கட்டுமானம் முடியும் நாள் இன்றே கணக்கிடக்கூடியது. அந்நாளில் ஆயிரக்கணக்கானோர் ஒருசேர வெளியே வருவார்கள் என்பதும் ஐயமற்றது. அதற்கு முன்பாகவே, ஒப்பந்ததாரர் மாறினாலும் தொழிலாளியின் பணிக்காலம் தொடர்ந்து எழுதப்படும் ஒரு பதிவேட்டை வளாகத்துக்கென ஏற்படுத்துங்கள். வேலை செய்தே வெல்டிங்கும் ரிக்கிங்கும் கற்றவனுக்கு, எந்த ஊரிலும் செல்லும்படியான தேர்ச்சிச் சான்றிதழ் கொடுங்கள். நிலம் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளைக் கடைநிலை வேலைகளுக்கு மட்டும் அழைக்காமல், அகில இந்தியத் தேர்வு எழுதும் அளவுக்குப் பயிற்றுவியுங்கள். இங்கு வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, உங்கள் வைப்பு நிதிக் கணக்கின் எண்ணையும் ஈ.எஸ்.ஐ. எண்ணையும் ஒப்பந்ததாரரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாஸின் நகலையும், ஒவ்வொரு மாதத்துக் கூலிச் சீட்டையும் எறிந்துவிடாமல் பாதுகாத்து வையுங்கள். நாளை ஓர் அதிகாரியின் முன்னோ நீதிமன்றத்தின் முன்னோ உங்கள் பத்தாண்டு உழைப்புக்குச் சாட்சி சொல்லக்கூடியவை அவை மட்டுமே.